ஊர் மருத்துவ நிதி: யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று சொல்வது

முதல் வேலையாகப் பழைய கணக்குக் கொப்பியை எடுத்து மேசையில் வையுங்கள். புது விண்ணப்பங்களைப் பிறகு பார்க்கலாம். போன மூன்று வருடத்தில் மருத்துவ உதவி என்று யாருக்கெல்லாம் காசு போனது, அந்த ஆள் எந்த ஒழுங்கை, யார் கூட்டிக்கொண்டு வந்தது, என்ன வருத்தம், எவ்வளவு என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நாங்கள் இதைச் செய்த அன்று வாசிகசாலையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. காசு வாங்கியவர்களில் பாதிக்கு மேல் கோயில் வீதியை ஒட்டிய வீடுகள், மிச்சத்தில் பலர் நிர்வாகத்தில் இருந்த யாரோ ஒருவருக்கு மாமன் மச்சான், கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெயர். யாரும் களவெடுக்கவில்லை, யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவும் இல்லை. கேட்டவர்களுக்குக் கொடுத்தோம், கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது வீட்டுக்குள் சரியாக இருக்கலாம், பொதுக்காசுக்கு அதைப் போல மோசமான விதி இல்லை.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து வருகிற காசையும் ஊர்க் காசையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை கூடி, வந்த கடிதங்களைப் பார்த்து முழிக்கிற ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய மாணவர் சங்கமோ சனசமூக நிலையமோ, எதுவானாலும் சரி. யாழ்ப்பாணத்து மூளாயில் கூட்டுறவாகவே ஒரு ஆஸ்பத்திரி நடத்திய மண் இது, காசு சேர்க்க எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிரிக்கிற இடத்தில்தான் தடுமாறுகிறோம்.

அரசாங்கம் தருவதை முதலில் எண்ணுங்கள்

பெரியாஸ்பத்திரியில் வாட்டுக்கும் காசு இல்லை, ஒப்பரேசனுக்கும் காசு இல்லை. அப்படியென்றால் இந்த நோயாளிக்குக் காசு எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்று வடிவாகக் கேளுங்கள். அநேகமாக, கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொல்லி எழுதித் தந்த துண்டாக இருக்கும், அல்லது வெளியில் செய்யவேண்டிய ஒரு ஸ்கான். இவை இரண்டும் கடிதத்தில் இருக்கும். கடிதத்தில் இல்லாதவை போக்குவரத்தும், கூட நிற்கிற ஆள் இழக்கிற நாட்கூலியும். அதைக் கேட்க சனத்துக்கு வெட்கம். நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்கு வருகிற ஒரு அம்மா விடியப்புறம் படகேறி, குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து சேரவேண்டும். காற்று எழும்பிப் படகு ஓடாவிட்டால் அந்த மாதக் கிளினிக் போய்விட்டது. மருந்து இலவசம்தான், மருந்து இருக்கிற இடத்துக்குப் போவது இலவசம் இல்லை. எங்கள் கொப்பியில் போக்குவரத்துக்கென்று அதுவரை ஒரு சதம்கூடக் கொடுத்திருக்கவில்லை.

அடுத்தது, வேறு என்ன கதவுகள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ், 2018இலிருந்து இங்கேயும் ஓடுகிறது, காசு கேட்பதில்லை. இது நினைவில்லாமல் வான் பிடித்துப் போய்விட்டுப் பில்லோடு எங்களிடம் வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெரிய ஒப்பரேசன்களுக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது, 2025இலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், அதையும் ஒப்பரேசனுக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். புற்றுநோய் என்றாலே கொழும்புக்குப் பக்கத்து மகரகமவுக்கு ஓடவேண்டும் என்ற காலம் போய்த் தெல்லிப்பழையிலேயே சிகிச்சை இருக்கிறது. (அந்தப் பிரிவைக் கட்டுவதற்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கும் நடந்து காசு சேர்த்தார்கள். பத்துப் பேருக்குத் தனித்தனியாக உதவுவதைவிட எல்லோருக்கும் பயன்படுகிற ஒன்றைக் கட்டுவது என்று ஒரு வழியும் இருக்கிறது, ஆனால் அது எங்கள் அளவு நிதிகளுக்கு எட்டாது.)

மருந்துத் துண்டோடு ஒருவர் வந்தால் உடனே காசை எண்ணாதீர்கள். கொம்பனிப் பெயரில் எழுதியிருக்கிறதா, அதே மருந்து மூலப்பெயரில் குறைந்த விலைக்கு அரச மருந்துக்கடையான ஒசுசலவில் கிடைக்குமா என்று எழுதிய வைத்தியரிடமோ பாமசிக்காரரிடமோ கேட்கச் சொல்லுங்கள். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியபோது செய்தது அடிப்படையில் இதுதான்: இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த மருந்து வகைகளை அறுநூறு அளவுக்குக் குறைத்து, மூலப்பெயரில், கேள்விப்பத்திரம் போட்டு வாங்குவது. மிச்சப்பட்ட காசு இன்னொருவருக்கு மருந்தானது. ஆனால் மாற்றுவதா என்பது வைத்தியரின் முடிவு, உங்கள் பொருளாளருடையது இல்லை.

பிறகு, பிரைவேற்றில் செய்தால் நாளைக்கே செய்யலாம், காசு தாருங்கள் என்று வருகிற கேள்வி. இதற்கு நாங்கள் வைத்தியரிடம் எழுதிக் கேட்பது ஒரே ஒரு வரி: பொறுத்தால் வருத்தம் கூடுமா, அல்லது பொறுக்கும் காலம் முழுக்க வலி மட்டும்தானா? பொறுத்தால் உறுப்போ உயிரோ போகும் என்றால் அது முன்னுக்கு வரும். வலி என்றால் கஷ்டம்தான், ஆனால் வரிசையில் நிற்கலாம்.

முகம் தெரியமுதல் விதியை எழுதுங்கள்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஒன்றும் கையில் இல்லாத ஒரு மாதத்தில், தேத்தண்ணீரோடு இருந்து, எந்த ஒழுங்கில் பார்ப்பது என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். பெயரும் முகமும் வந்தபிறகு எழுதுகிற விதி, அந்த முகத்துக்கு ஏற்றபடிதான் வளையும்.

ஏன் என்றால் ஒரு கதை. 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயலிசிஸ் (சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை மெஷினால் சுத்திகரிப்பது) நிலையம் திறந்தபோது மெஷின் கொஞ்சம், நோயாளர் அதிகம். மருத்துவ ரீதியாகப் பொருத்தமானவர்களை வைத்தியர்கள் தெரிந்து கொடுக்க, அவர்களில் யார் மெஷினில் ஏறுவது என்று முடிவெடுக்க ஊராரில் ஏழு பேரை இருத்தினார்கள். ஒரு சட்டத்தரணி, ஒரு போதகர், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரச உத்தியோகத்தர், ஒரு தொழிற்சங்கக்காரர், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். கெட்ட மனிதர்கள் ஒருவரும் இல்லை. கையில் விதி ஒன்றும் இல்லாததால் கலியாணம் ஆனவரா, எத்தனை பிள்ளை, என்ன தொழில், தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிறவரா என்று பார்க்கத் தொடங்கினார்கள். அதே வருடம் லைஃப் சஞ்சிகையில் அந்தச் செய்தி வந்தபிறகு கிளம்பிய விவாதம் வருடக்கணக்கில் ஓயவில்லை. 1972இல் சட்டம் கொண்டுவந்து டயலிசிஸ் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

அமெரிக்கக் கதை என்று தள்ளவேண்டாம். எங்களிடம் அதற்குப் பழமொழியே இருக்கிறது, பாத்திரம் அறிந்து பிச்சையிடு. கூட்டத்தில் காது கொடுத்துக் கேளுங்கள். "அந்தாள் குடிச்சுத்தானே ஈரலைப் பழுதாக்கினது." "கோயிலுக்கு ஒரு சதம் தராத மனுசன்." "மகன் சுவிஸில நிக்கிறான், இவைக்கு என்னத்துக்கு?" முதல் இரண்டையும் எழுத்திலேயே தடைசெய்யுங்கள். மூன்றாவது வேறு: வேறு வழி இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி, ஆனால் மகன் சுவிஸில் நிற்பதும் மகன் காசு அனுப்புவதும் இரண்டு விசயம். கேட்டு அறியுங்கள், ஊகிக்காதீர்கள்.

சாதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் வாயில் எடுக்கமாட்டார்கள். "அவை எங்கட பக்கம் இல்லை", "அவைக்கு வேற சங்கம் இருக்கு" என்று வரும். அதனால்தான் கொப்பியில் ஒழுங்கையின் பெயரையும் எழுதச் சொன்னேன், யாழ்ப்பாணத்தில் ஒழுங்கையைச் சொன்னால் மிச்சம் தானாக விளங்கும்.

எங்கள் தாளில் இருப்பது இவ்வளவுதான். சிகிச்சையால் இந்த ஆளுக்குப் பலன் இருக்கும் என்று வைத்தியர் சொல்கிறாரா? பொறுத்தால் என்ன இழப்பு? வேறு கதவு எல்லாம் தட்டியாயிற்றா? இந்தக் காசு அந்த வேலையை முடிக்குமா, அல்லது பாதியில் நிற்குமா? இந்த ஒழுங்கிலேயே. காயத்தைப் பார், பதவிப் பட்டியைப் பார்க்காதே என்பது புதிய யோசனையும் இல்லை, நெப்போலியனின் படையில் இருந்த டொமினிக் லாரே என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் பதவியைப் பாராமல் காயத்தின் அவசரத்தைப் பார்த்து ஆட்களை எடுத்தவர். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துக்கு அலைந்த தலைமுறைக்கும் இது தெரியும். 2022 ஏப்ரலில் மருந்து இல்லாமல் நாடே தவித்தபோது இலங்கை மருத்துவச் சங்கம் ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில், யாருக்குச் சிகிச்சை யாருக்கு இல்லை என்ற மிகக் கடினமான தெரிவுகளைச் செய்யவேண்டி வரும் என்று எழுதினார்கள்.

படம் வந்தால்

பேஸ்புக்கில் ஒரு பிள்ளையின் படம் வரும், மூக்கில் குழாய், கீழே வங்கி இலக்கம், இந்தியாவுக்குக் கொண்டுபோகவேண்டும், இத்தனை இலட்சம். அன்றிரவே வட்ஸ்அப் குழு சூடாகும். கண்ணுக்கு முன் நிற்கிற ஒருவரைக் காப்பாற்ற எவ்வளவும் கொடுக்கத் தோன்றுவதும், கண்ணில் படாத பத்துப் பேரை மறப்பதும் மனித இயல்பு. 1986இல் ஆல்பர்ட் ஜோன்சன் என்ற அறவியலாளர் இதற்கு ஒரு பெயரே வைத்தார், மீட்பு விதி என்று தமிழில் சொல்லலாம். அந்த உணர்ச்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு வேலிக்குள் விடுங்கள் என்கிறேன்.

நாங்கள் விடவில்லை. ஒரு முறை முழு நிதியும் ஒரே இரவில் அப்படிப் போனது. அந்தக் குடும்பத்துக்கு எங்கள் காசு கடலில் கரைத்த பெருங்காயம், உலகம் முழுக்க இருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்த மாதம் எங்கள் ஊரிலேயே ஒரு ஐயாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தார்கள். சீனி வருத்தம், பெருவிரலில் தொடங்கிய புண். இரண்டு நாளைக்கு ஒருமுறை மருந்து கட்டப் போகச் சொல்லியிருக்கிறார்கள், சைக்கிளில்தான் போனவர், பின் ரயர் வெடித்தபிறகு போகவில்லை. ஓட்டோவுக்குக் காசு இல்லை. நான் பார்க்கப் போனபோது அவருடைய பாட்டா செருப்பு திண்ணைக்குக் கீழே கிடந்தது, கட்டுப் போட்ட கால் நுழைவதற்காக வாரை பிளேட்டால் வெட்டி, பதிலுக்குச் சணல் கயிறு கோர்த்திருந்தார். "என்ன ஐயா, ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே" என்றேன். "சின்னப் புண்ணுக்கு உங்களிட்ட வந்து நிக்கிறதே தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு நிதியை இரண்டாகப் பிரித்தோம். பெரிய பங்கு தொடர்ந்து தேவைப்படுகிற சின்னச் செலவுகளுக்கு: கிளினிக் போக்குவரத்து, புண் கட்டுவது, வெளியில் வாங்கும் குளிசை, சீனி பார்க்கிற ஸ்ட்ரிப். சின்னப் பங்கு திடீரென்று வருகிற பெரியவற்றுக்கு, ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்ற எல்லையோடு. முதல் பங்கில் இருந்து இரண்டாவதுக்குக் கைமாற்று எடுக்கக்கூடாது, எந்தப் படம் வந்தாலும்.

தொடர் செலவு பற்றி ஒரு எச்சரிக்கை. டயலிசிஸ் போன்ற ஒன்றுக்கு ஆம் என்று சொல்வதற்கு முன் கல்குலேற்றரை எடுத்து மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தரம், வருடக்கணக்கில், போக்குவரத்து மட்டும் என்றாலும் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். மூன்று மாதம் கொடுத்துவிட்டு நிறுத்துவதைவிடக் குறைவாக, ஆனால் நிற்காமல் கொடுப்பது மேல்.

வயது? "எண்பது வயசுக்கு என்னத்துக்கு" என்று யாராவது தொடங்குவார். வயதை விதியாக வைக்காதீர்கள், பலனைப் பாருங்கள். எண்பது வயது அம்மாவுக்குக் கண்புரை எடுக்கப் போய்வர ஆகிற காசு அவரை மீண்டும் தானே கிணற்றடிக்குப் போகவைக்கும். அதே காசு ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு வைத்தியரே வேண்டாம் என்று சொன்ன ஊசிக்குப் போகலாம். ஒரே பலன் என்றால் இளையவருக்கு முன்னுரிமை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் குழுவில் இது இன்னும் முடியாத சண்டை.

சொந்தக்காரரும் வெளிநாட்டுக்காரரும்

சொந்தக்காரரின் விண்ணப்பம் வந்தால் நிர்வாக உறுப்பினர் எழும்பி வெளியே போகவேண்டும். சும்மா பேசாமல் இருப்பது போதாது, அவர் இருந்தாலே மற்றவர்களுக்கு வாய் வராது. ஆனால் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ வழியில் சொந்தம், அப்படிப் பார்த்தால் அறையில் மின்விசிறி மட்டும்தான் மிஞ்சும். அதனால் எல்லை வையுங்கள். பெற்றார், பிள்ளை, சகோதரம், அவர்களின் துணை, ஒரே வளவில் இருப்பவர். இவ்வளவு என்றால் ஏழு பேர் நிர்வாகத்தில் நாலு பேராவது மிஞ்சுவார்கள்.

ரொறன்ரோவில் இருந்து அண்ணை ஒருவர் அழைப்பார், ஐந்நூறு டொலர் போட்டிருக்கிறேன், அதை என்ர மச்சாளின் ஒப்பரேசனுக்குக் கொடுங்கோ என்று. மரியாதையாகச் சொல்லுங்கள்: அண்ணை, அது மச்சாளுக்கு என்றால் நேரே மச்சாளுக்கே அனுப்புங்கோ, நல்ல விசயம். பொது நிதிக்கு என்றால் பெயர் குறிக்க ஏலாது. இரண்டு மூன்று பேர் கோபித்துக்கொண்டு நிறுத்துவார்கள். நிறுத்தட்டும்.

சமமாக வந்தால்

நாலு கேள்வியும் கேட்டபிறகும் இரண்டு பேர் சமமாக நிற்பார்கள், காசு ஒருவருக்குத்தான் இருக்கும். முந்தி வந்தவருக்கு முதல் என்பது நியாயம் போலத் தெரியும், உண்மையில் அது மோட்டார்சைக்கிளும் போனும் உள்ளவருக்கு முதல் என்பதுதான். பாதி பாதி கொடுத்தால் இரண்டு ஸ்கானும் நடக்காது. எங்கள் ஆட்கள் அறிந்த வழியே இருக்கிறது, திருவுளச்சீட்டு. இரண்டு பெயரையும் எழுதிச் சுருட்டி, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கவிடுங்கள், இரண்டு தரப்பிலிருந்தும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உயிர் விசயத்தில் சீட்டா என்று முதலில் நானும் முகம் சுளித்தேன். பிறகு பார்த்தால் தோற்ற வீட்டார் எங்கள் மீது வைத்த கோபம் மற்ற நேரங்களைவிடக் குறைவு, ஏனென்றால் அவர்களை யாரும் எடைபோட்டுத் தள்ளவில்லை. தேவையை அளக்கச் சோம்பல்பட்டு எடுத்த எடுப்பிலேயே சீட்டுப் போடுவது மட்டும் கூடாது.

இல்லை என்று சொல்வது

போனில் சொல்லாதீர்கள், வட்ஸ்அப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஏன் இல்லை, எந்த விதியால் இல்லை, வேறு எந்தக் கதவைத் தட்டலாம், மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். "நிர்வாகம் முடிவெடுத்தது" என்பது காரணம் இல்லை. நோர்மன் டானியல்ஸ், ஜேம்ஸ் சபின் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1997இல் இதைப்பற்றி எழுதியதன் சாரமும் இதுதான்: எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரே நியாயம் கிடைக்காத இடத்தில், முடிவும் காரணமும் வெளியில் தெரியவேண்டும், காரணம் விசயத்தோடு சம்பந்தப்பட்டதாக இருக்கவேண்டும், மறுத்துக் கேட்க வழி இருக்கவேண்டும், இவை நடக்கின்றனவா என்று பார்க்க ஆள் இருக்கவேண்டும். மறுத்துக் கேட்பவரின் விண்ணப்பத்தை முதல் கூட்டத்தில் இல்லாத இரண்டு பேர் பார்க்கட்டும். எங்களுக்கு ஓய்வுபெற்ற ஒரு தாதி அக்காவும் பக்கத்து ஊர் மாஸ்டர் ஒருவரும் அதைச் செய்கிறார்கள், அக்கா இதுவரை இரண்டு முடிவுகளைத் திருப்பிவிட்டா, இரண்டிலும் அவ சொன்னதுதான் சரி.

வெளியில் தெரியவேண்டும் என்றால் பெயரைப் போடுவது என்று விளங்கிக்கொள்ளாதீர்கள். அறிவித்தல் பலகையில் மாதம், தொகை, எந்த வகைச் செலவு, இவை போதும். காசோலையை ஒரு அந்தத்தில் தலைவரும் மறு அந்தத்தில் நோயாளியும் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் படத்தில் நிற்க மனமில்லாமல் வராமலே விட்ட ஆட்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் கேட்கிறார்கள் என்றால் பற்றுச்சீட்டின் படத்தைப் பெயரை மறைத்து அனுப்புங்கள்.

கேட்காதவர்களைத் தேடிப் போவது ஒரு ஆளின் பொறுப்பாக இருக்கட்டும், பொதுப் பொறுப்பு என்று விட்டால் நடக்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பநல உத்தியோகத்தரிடமும் விதானையாரிடமும் பள்ளிக்கூட அதிபரிடமும் போய், ஒருவருடைய வருத்தத்தின் விபரமும் கேட்காமல், "உதவி தேவைப்பட்டும் எங்களிடம் வராத ஆட்கள் இருந்தால் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

கொப்பியின் பின்பக்கத்தில் இருந்து இன்னொரு பட்டியலும் தொடங்குங்கள், இல்லை என்று சொன்னவர்களின் பட்டியல். தேதி, காரணம், தொலைபேசி இலக்கம். மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவராக எடுத்து, இப்போது எப்படி என்று கேளுங்கள். எங்களுடையதில் இப்போது பதினொரு பெயர். போன சனிக்கிழமை ஐந்து பேருக்கு எடுத்தேன், மூன்று பேர் கதைத்தார்கள், ஒருவர் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார், ஒரு இலக்கம் பாவனையில் இல்லை. அந்த வீட்டுக்கு இந்தக் கிழமை நேரில் போகவேண்டும்.